குழந்தைக்கு இதய ஆபரேஷன்: பெற்றோரும் உற்றாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு ஒரு வயது நிறையும் முன்பே இதய ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு, தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்காவது இப்படி என்றால் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். பேசுபவர்களில் பாதிப் பேர் பெற்றோர். மீதிப் பேர் அந்தப் பெற்றோருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கிற உறவினர்கள், நண்பர்கள். இரண்டு தரப்பும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தளவு, தேதி, உங்கள் குழந்தைக்கு எது சரி என்பதெல்லாம் சிகிச்சை பார்ப்பவர்களிடம் கேட்க வேண்டியவை.

இதயத்துல ஓட்டைன்னு சொல்றாங்க. நிஜமாவே ஓட்டையா?

பல குழந்தைகளுக்கு நிஜமாகவே ஓட்டைதான். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் இருந்தால் வி.எஸ்.டி., மேலறைகளுக்கு நடுவில் இருந்தால் ஏ.எஸ்.டி. பிறந்ததும் தானாக மூடவேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடாமல் இருந்தால் பி.டி.ஏ. இவை தவிர வால்வு சுருங்கியிருப்பது, பெரிய ரத்தக்குழாய்கள் இடம் மாறி அமைந்திருப்பது என்று இன்னும் பல உண்டு. என் மகளுக்கு இருந்தது டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ. கீழறைச் சுவரில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் சுருக்கம், உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி அந்த ஓட்டைக்கு மேலேயே உட்கார்ந்திருப்பது, வலது கீழறையின் தசை தடித்திருப்பது என நான்கும் சேர்ந்து வருவது. 1888இல் இதை விவரமாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோவின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

ஏறக்குறைய நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது. எனவே "எங்க பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தானாவே மூடிடுச்சே" என்று சொல்ல ஒருவர் கண்டிப்பாக வருவார். அவர் பொய் சொல்லவில்லை, சின்ன வி.எஸ்.டி. பல தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் பெரிய ஓட்டையும், ஃபாலோ போன்றவையும் அப்படி மூடுவதில்லை. எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் உள்ள முழுப் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்தக் கதை சொன்னாலும் முதலில் அந்தப் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கர்ப்பமா இருக்கும்போது நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?

இல்லை. கேட்கிற எல்லா அம்மாக்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். இதயத்தின் அடிப்படை அமைப்பு கர்ப்பத்தின் முதல் இரண்டு மாத வாக்கிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. பலருக்கு அப்போதுதான் கர்ப்பம் என்றே தெரியவருகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடிவதில்லை. டவுன் சிண்ட்ரோம் போன்ற மரபணு மாற்றங்கள், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ரூபெல்லா, சில குறிப்பிட்ட மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். படி ஏறியது, பயணம் போனது, அழுதது எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: "உங்க பக்கத்துல யாருக்காவது இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். டாக்டர் கேட்பார். அவர் கேட்பதற்கு ஒரு பயன் உண்டு.

பார்க்க நல்லாத்தானே இருக்கா. கொஞ்சம் வளர்ந்து தெம்பு வந்தப்புறம் பண்ணக்கூடாதா?

தாத்தா பாட்டிகளிடமிருந்து வரும் கேள்வி இது. அன்பில்தான் கேட்கிறார்கள், ஆனால் கணக்கு நேர்மாறு. பெரிய ஓட்டையுள்ள குழந்தைக்குப் பால் குடிப்பதே மலை ஏறுவது போல. வியர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும், பாதியில் தூங்கிவிடும். குடித்ததெல்லாம் மூச்சு விடுவதற்கே செலவாகிவிட்டால் எடை எங்கே ஏறும்? தெம்பு வருவதற்காகத்தான் ஆபரேஷன். போதாததற்கு, அதிகப்படி ரத்தம் நுரையீரலுக்குப் போய்க்கொண்டே இருந்தால் அங்குள்ள குழாய்கள் தடித்து, ஒரு கட்டத்துக்கு மேல் ஓட்டையை மூடவே முடியாத நிலை வந்துவிடும்.

எல்லோருக்கும் ஒரே அவசரம் என்றும் இல்லை. பெரிய ரத்தக்குழாய்கள் இடம் மாறியிருந்தால் பிறந்த சில நாட்களில், வாரங்களில் செய்வார்கள். ஃபாலோவுக்குப் பெரும்பாலும் முதல் வயதுக்குள். தொந்தரவு தராத ஏ.எஸ்.டி. என்றால் சில வருடங்கள் காத்திருக்கச் சொல்வதும் உண்டு. "மூணு மாசம் தள்ளிப்போட்டா என்ன ஆகும்?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதில் தவறே இல்லை, கேட்பதைச் சீக்கிரம் கேட்டுவிடுங்கள். காத்திருக்கும் நாட்களில் என்ன ஆபத்து வரலாம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபாலோ குழந்தைகளுக்கு அழும்போது திடீரென்று உதடும் நாக்கும் நீலமாகலாம். அப்போது குழந்தையின் முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, அமைதிப்படுத்தி, உடனே அவசர உதவி தேட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

நெஞ்சைத் திறந்துதான் ஆகணுமா? கால் வழியா பண்றாங்களாமே?

சிலவற்றுக்கு முடியும். தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பல ஏ.எஸ்.டி., பி.டி.ஏ.க்களைச் சின்னக் குடை போன்ற சாதனத்தால் மூடிவிடுகிறார்கள். ஃபாலோவில் முழுச் சீரமைப்பை அப்படிச் செய்ய முடியாது. இதற்கும் மேலே சொன்ன அந்த முழுப் பெயர்தான் பதில்.

இதயத்தையே நிறுத்திடுவாங்களாமே? அப்போ குழந்தை எப்படி உயிரோட இருக்கும்?

இதய-நுரையீரல் இயந்திரத்தால். உடலிலிருந்து வரும் ரத்தத்தை இயந்திரம் வாங்கி, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உடலுக்கு அனுப்புகிறது. பிறகு பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி இதயத்தை நிறுத்துகிறார்கள். உடலைக் குளிர்விப்பதும் உண்டு, அதனால் உறுப்புகளுக்கு ஆக்சிஜன் தேவை குறையும். வேலை முடிந்ததும் இதயத்துக்கு ரத்தம் மறுபடி பாயும்போது துடிப்பு திரும்புகிறது. இந்த இயந்திரத்தை இயக்குவதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் ஆபரேஷன் முழுக்கப் பக்கத்திலேயே இருப்பார்.

தூக்கம் வராத ராத்திரிகளில் இதன் வரலாற்றைத்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். 1944இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நீலக் குழந்தைகளுக்கான (ஃபாலோ போன்ற குறையால் உடல் நீலமாகும் குழந்தைகள்) முதல் ஆபரேஷனை ஆல்ஃபிரட் பிளாலாக் செய்தார். யோசனை ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதய மருத்துவருடையது. செய்முறையை ஆய்வகத்தில் உருவாக்கியவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், மருத்துவப் பட்டம் இல்லாதவர். ஆபரேஷனின்போது பிளாலாக்கின் பின்னால் நின்று அவர்தான் வழிகாட்டினார். 1953இல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு முதன்முதலில் வெற்றிகரமாக ஓர் ஏ.எஸ்.டி.யை மூடினார். அதற்கு அடுத்த வருடம் மின்னசோட்டாவில் வால்டன் லில்லிஹை செய்தது இன்னும் துணிச்சலானது. அவர் இயந்திரத்தையே பயன்படுத்தவில்லை. அப்பாவையோ அம்மாவையோ பக்கத்து மேசையில் படுக்க வைத்து, அவர்களுடைய ரத்த ஓட்டத்தோடு குழந்தையை இணைத்தார். குழந்தையின் இதயம் திறந்திருந்த நேரமெல்லாம் பெற்றவரின் இதயமும் நுரையீரலும் இருவருக்கும் சேர்த்து வேலை செய்தன. 45 பேருக்கு அப்படி ஆபரேஷன் நடந்தது. படிக்கும்போது, என்னைக் கேட்டிருந்தாலும் நான் போய்ப் படுத்திருப்பேன் என்று தோன்றியது.

ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்ல என்ன பண்ணணும்?

சளி, காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கிய வேலை. சாதாரணச் சளிகூட மயக்க மருந்து கொடுத்து வென்டிலேட்டரில் வைக்கும்போது சிக்கலாகும், அதனால் தேதியைத் தள்ளிவிடுவார்கள். "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துட்டுப் போறோம்" என்று வருபவர்களை வாசலோடு நிறுத்த யாராவது ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கெட்ட பெயரை என் நாத்தனார் ஏற்றுக்கொண்டார்.

பல் முளைத்த குழந்தை என்றால் பல் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள், சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தில் தங்கிவிடலாம். வெறும் வயிற்று நேரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாய்ப்பாலுக்கு ஒரு கணக்கு, மாவுப்பாலுக்கும் உணவுக்கும் வேறு கணக்கு, தண்ணீருக்கு இன்னொன்று. தேதி தள்ளிப்போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். குழந்தை நன்றாக இருந்தாலும் ஐ.சி.யூ.வில் படுக்கை இல்லாவிட்டால் தள்ளும். வேலையில் லீவு சொல்லும்போதும் இதை மனதில் வையுங்கள்.

நாங்க எல்லாரும் ரத்தம் கொடுக்க ரெடி. எப்ப கிளம்பி வரணும்?

கூப்பிடும்வரை வர வேண்டாம். எத்தனை பேர், எந்த வகை, எந்த நாள் என்று ரத்த வங்கிதான் சொல்லும். சிவப்பணுக்களை ஆறு வாரம் வரை சேமிக்க முடியும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு வாரம்கூடத் தாங்குவது அரிது, அதனால் அவற்றுக்கு நாள் பார்த்துத்தான் ஆள் வேண்டும். ஒரே நாளில் எல்லோரும் கொடுத்துவிட்டால், அடுத்த வாரம் மறுபடி கேட்கும்போது கொடுக்க ஆள் இருக்காது. ஒரு கொடைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட வேண்டுமே. பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி மூன்றையும் ஒருவரிடம் சொல்லி வைத்தால் போதும்.

"சொந்த ரத்தம்தானே பாதுகாப்பு?" என்றும் கேட்கிறார்கள். நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களைக் குழந்தையின் உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே பெருகிக் குழந்தையின் உடலையே தாக்கும் அபாயம் உண்டு. அரிதுதான், வந்தால் மிக மோசம். அதனால் அப்படிப்பட்ட ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித்தான் ஏற்ற வேண்டும். உறவினர்கள் வேறு யாருக்கோ பயன்படும்படி வங்கிக்குக் கொடுத்துவிட்டுப் போவதும் அதே அளவு உதவிதான்.

ஐ.சி.யூ.வில முதல்ல பார்க்கும்போது எப்படி இருக்கும்?

முகம் வீங்கியிருக்கும். வாயில் வென்டிலேட்டர் குழாய், கழுத்திலும் கையிலும் மருந்துக் குழாய்கள், நெஞ்சின் கீழே ரத்தமும் நீரும் வடியும் குழாய்கள், சிறுநீர்க் குழாய். நெஞ்சிலிருந்து மெல்லிய கம்பிகள் வெளியே வந்து ஒரு பெட்டியோடு இணைந்திருக்கும். துடிப்பு தடுமாறினால் உதவத் தற்காலிக பேஸ்மேக்கர் அது. மிகச் சின்னக் குழந்தைகளுக்கு வீக்கம் வடியும்வரை நெஞ்செலும்பை மூடாமல், மேலே உறை போட்டு ஒன்றிரண்டு நாள் வைத்திருப்பதும் உண்டு. முன்கூட்டியே ஒரு போட்டோ காட்டச் சொல்லி நர்ஸிடம் கேளுங்கள், பல இடங்களில் வைத்திருப்பார்கள்.

மானிட்டர் அடிக்கடி கத்தும். பாதி நேரம் குழந்தை கையை அசைத்ததற்காகவே கத்தும். நர்ஸின் முகத்தைப் பாருங்கள், மானிட்டரைப் பார்க்காதீர்கள். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள், பேசுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் அந்த நாட்களிலும் நேரம் தவறாமல் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருந்தால்தான் பிறகு கொடுக்கப் பால் இருக்கும்.

ஏதாவது பண்ணணும்னு இருக்கு. என்ன பண்ணட்டும்?

இந்தக் கேள்வியை அந்தப் பெற்றோரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டதே நல்ல ஆரம்பம். "என்ன வேணும்னாலும் கேளுங்க" என்று சொன்னவர்கள் எங்களுக்கு நிறையப் பேர். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று முடிவெடுத்து, கூச்சத்தை விட்டுக் கேட்பது தனி வேலை. அந்த நேரத்தில் எனக்கு அதற்குத் தலையில் இடமில்லை. உதவியாக இருந்தவை எல்லாம் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியவை. "நாளை சாயங்காலம் பெரியவனை ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வந்துடறேன், சரியா?" "ஆஸ்பத்திரிக்கு வர்றேன், மேல வரமாட்டேன், துவைக்க வேண்டிய துணியைக் கீழே கொடுத்து அனுப்புங்க." சாப்பாடு கொண்டுவருபவர்கள் திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொண்டுவந்தால் புண்ணியம்.

வேலைகளைப் பங்கிட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் தள்ளி இருப்பவரே நல்லது, ஏனென்றால் அவர் அழுதுகொண்டிருக்க மாட்டார். எங்களுக்கு என் கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் அமைந்தார். யார் எந்த நாள், யாரிடம் கார் இருக்கிறது, யார் ராத்திரி துணைக்கு இருக்கலாம் என்பதெல்லாம் அவர் நோட்டில் இருந்தது.

அப்புறம், கூட்டம் எப்போது குறைகிறது என்று கவனியுங்கள். ஆபரேஷன் நாளன்று காத்திருப்பு அறையில் இடமிருக்காது. டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரத்தில் வீடு காலியாகிவிடும். லீவு தீர்ந்து, மருந்து அட்டவணை ஓடிக்கொண்டிருந்து, ராத்திரித் தூக்கம் இல்லாத அந்த நாட்களுக்குத்தான் ஆள் பற்றாக்குறை. முதல் நாள் வர முடியவில்லையே என்று வருந்துகிறவர்கள் தங்கள் முறையை அப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

போன் பண்ணலாமா? என்ன பேசுறதுன்னே தெரியல.

போன் வேண்டாம், மெசேஜ் போதும். கடைசியில் "பதில் போட வேண்டாம்" என்று சேர்த்துவிடுங்கள். நிலவரம் தெரிய வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்து, ஒருவர் மட்டும் எழுதும்படி அமைத்துக்கொண்டால் அம்மா அப்பா ஒரே செய்தியை எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்காது.

"ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். ஆகலாம் என்று எழுதிய தாளில்தான் அவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "உங்களை நினைச்சுக்கிட்டே இருக்கேன்" என்பது போதும்.

செலவுக்குப் பணம் திரட்டலாமா? குழந்தை போட்டோவைப் போட்டா சீக்கிரம் சேருமே?

முதலில் ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். இன்சூரன்ஸ், அரசு உதவி, அறக்கட்டளை என்று எது பொருந்தும் என்பது அவருக்குத் தெரியும். சில உதவிகளை ஆபரேஷனுக்கு முன்பே விண்ணப்பித்தால்தான் பெற முடியும். அதன் பிறகும் குறைந்தால் திரட்டுங்கள். எவ்வளவு தேவை, எவ்வளவு வந்தது, மிஞ்சினால் என்ன செய்வோம் என்று மூன்றையும் ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள். முடிந்தவரை ஆஸ்பத்திரிக் கணக்குக்கே நேராகப் போகட்டும். தெரியாதவர்கள் உங்கள் குழந்தையின் படத்தைப் போட்டுத் தங்கள் கணக்கு எண்ணைக் கொடுப்பதும் நடக்கிறது.

போட்டோ விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமை. குழாய்களோடு படுத்திருக்கும் படத்தைப் போடாதீர்கள். அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்போதும் அது இணையத்தில் இருக்கும். முகம் தெரியாத கை, பொம்மை, ஒரு பழைய சிரிப்பு போதும். பணம் கொடுக்கிறவர்கள் அதற்கும் கொடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்தாச்சு. தூக்கலாமா?

தூக்கலாம், அக்குளில் கை கொடுத்து மட்டும் தூக்காதீர்கள். வெட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு வாரம்போல ஆகும். அதுவரை ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில். தாத்தா, பாட்டி, ஆயா, பக்கத்து வீட்டு அக்கா என எல்லோருக்கும் செய்து காட்டுங்கள். மருந்தைக் கரண்டியில் ஊற்றாமல் சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

காய்ச்சல், மூச்சு வாங்குவது, பால் குடிக்க மறுப்பது, காயம் சிவந்து நீர் வடிவது, காரணமில்லாத அழுகை, இவற்றுக்குக் காலைவரை காத்திருக்காதீர்கள். இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோப்பது ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்தும் வரலாம். தடுப்பூசி அட்டையையும் பழையபடி தொடராதீர்கள். ரத்தம் ஏற்றிய பிறகு தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைச் சில மாதம் தள்ள வேண்டியிருக்கும். ஊசி போடுபவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள்.

ஆபரேஷனுக்கு அப்புறம் ராத்திரி கத்துறான், ஒட்டிக்கிட்டே இருக்கான். மூளையில ஏதாவது ஆயிடுச்சா?

பெரும்பாலும் பயம்தான். தெரியாத இடம், ஊசி, வலி. கற்றுக்கொண்டதைச் சில நாள் விட்டுவிடும் குழந்தைகளும் உண்டு. வாரக்கணக்கில் மெல்லச் சரியாகும். ஆனால் சிக்கலான இதயக் குறை இருந்த சிலருக்குப் பேச்சு, கவனம், கை வேலை தாமதமாகலாம் என்பதும் உண்மை, அதனால் வளர்ச்சிப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மூத்த பிள்ளை இருந்தால் அவனிடமும் பேசுங்கள். "நான் பாப்பா மேல கோபப்பட்டேன், அதான் இப்படி ஆச்சு" என்று எங்கள் பெரியவன் பல நாள் மனதில் வைத்திருந்தான்.

இனிமே முழுசா சரியாயிடுச்சுதானே?

எதற்காகச் செய்தது என்பதைப் பொறுத்தது. சாதாரண ஏ.எஸ்.டி., பி.டி.ஏ. மூடிய பிறகு பலருக்கு எந்தக் கட்டுப்பாடும் இருக்காது. ஃபாலோ சரிசெய்த குழந்தைகள் ஓடி விளையாடுவார்கள், படிப்பார்கள், வேலைக்குப் போவார்கள். ஆனால் பலருக்கு நுரையீரல் வால்வு கசியத் தொடங்கி, பிறகு எப்போதாவது மாற்ற வேண்டிவரும். அதனால் வாழ்நாள் முழுவதும் செக்கப் உண்டு. பல் விஷயம் முன்பு சொன்னதுதான். சிலருக்குப் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும், உங்கள் குழந்தை அந்தப் பட்டியலில் உண்டா என்று கேட்டு எழுதி வையுங்கள்.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா எனக்குத்தான் இப்ப அழுகையா வருது. ஏன்?

அதுவரை அழ நேரமில்லை, அதனால். தூங்கும் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பது, அலாரம் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுவது எல்லாம் இந்தப் பெற்றோரிடம் சகஜம். மாதங்கள் ஆகியும் குறையவில்லை, தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்பாக்களும்தான். அவர்களை யாரும் கேட்பதில்லை.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனாலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. மரபணுக் காரணம் கண்டறியப்பட்டிருந்தால் கணக்கு வேறு, மரபியல் ஆலோசனை கேளுங்கள். கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்தை எக்கோவில் விரிவாகப் பார்க்க முடியும்.

ஆஸ்பத்திரியில எங்களோட பழகினவங்க குழந்தை பிழைக்கல. எங்க பையன் நல்லா இருக்கான். அவங்களை எப்படிப் பார்க்கிறது?

போய்ப் பாருங்கள். முதல் தடவை உங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், அவர்களே "கூட்டிட்டு வாங்க" என்று சொல்லலாம், அப்போது கூட்டிப் போங்கள். அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மற்றவர்கள் எல்லாம் அந்தப் பெயரைத் தவிர்த்துக்கொண்டிருப்பார்கள். "உங்களுக்கு இன்னொண்ணு பிறக்கும்" என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.

பெற்றோர் குழுவில் அவர்கள் இருந்தால், உங்கள் பையன் நடந்த வீடியோவைப் போடும் முன், குழுவில் தொடர விருப்பமா என்று ஒருவர் தனியாகக் கேட்கட்டும். சிலர் விலகுவார்கள். சிலர் தங்கி, புதிதாக வரும் அம்மாக்களுக்குப் பதில் சொல்வார்கள். கேட்காமல் நீக்குவது மட்டும் கூடாது.